சந்தனப் பொட்டுக்குக் கீழே

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு ஊரில் யாருடைய பிறந்த தேதி பொய், யாருடைய சொத்து யார் பேரில் இருக்கிறது என்பதெல்லாம் தெரியாமல் இருக்காது. செஞ்சியில் பன்னிரண்டு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். என்னிடம் வந்தவர்களை முகத்தைவிட அவர்களுடைய காகிதங்களை வைத்துத்தான் எனக்கு ஞாபகம் இருக்கும். ஃபாரத்தைத் தப்பாக நிரப்பிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பரிதாபம் வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிடும். வாயும் கொஞ்சம் நீளம். அதனால் சில பேர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அரிகிருஷ்ணன் அண்ணனுடைய காகிதங்கள் ரொம்பக் கொஞ்சம். வீடு அவர் மனைவி அம்மாக்கண்ணு பேரில் இருக்கிறது. சிங்கவரத்தில் உள்ள அரை ஏக்கர் இன்னும் செத்துப்போன தகப்பன் பேரில்தான். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அம்மாக்கண்ணு. ஆதார் இருக்கிறது, ஆனால் அதைப் பிறந்த குழந்தைக்குக்கூடக் கொடுக்கிறார்கள். தானாக உழைத்து, ஒருவர் முன்னால் ஓட்டிக் காட்டி, தன் பேரில் வாங்கியது என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். டிரைவிங் லைசென்ஸ். அதைச் சட்டைப்பையில் வைக்காமல், தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வண்டியில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார்.

அந்த லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

அவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பதினெட்டுப் பிள்ளைகள். காலையில் சிங்கவரம், மேல்சித்தாமூர் பக்கமெல்லாம் சுற்றி ஏற்றிக்கொண்டு வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அதற்கு முன்னால் கல்யாண வேன், அதற்கும் முன்னால் லாரி. பதினாலு வயதில் மேல்சித்தாமூர் நயினார் ஒருவருடைய லாரியில் கிளீனராக ஏறினாராம். மார்க்கெட் கமிட்டியிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற லாரி. நயினார் சமணர். கொன்று உரித்த தோல் என் வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அண்ணனிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி தோல் செருப்பு. ஏறும்போது கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஏறுவார். நயினாரும் போய்ச் சேர்ந்தார், லாரியும் பழைய இரும்புக்குப் போனது, செருப்பும் ரப்பராக மாறிவிட்டது. இவர் மட்டும் இன்றைக்கும் வெறுங்காலோடுதான் வண்டி ஏறுகிறார்.

"சோறு போடுற வண்டி. அது மேல செருப்புக் காலை வெக்கறதா?" என்பார். பிறகு இன்னொரு காரணமும் சொல்வார். "கிளட்ச் எங்க புடிக்குதுன்னு உள்ளங்காலுக்குத்தாம்மா தெரியும்."

அவர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. காலையில் வாசல் பக்கத்துக் கரண்டு கம்பத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டி ஏறுவார். செருப்பு அங்கேயே கிடக்கும், கால் ஊரைச் சுற்றும். ஏப்ரல் மாத வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து என் கடைக்கு வந்து நிற்பார். சாயங்காலம் வண்டி திரும்பி வரும். நிறுத்திக் கதவைத் திறந்து, கீழே பார்க்காமல் காலை வைப்பார். கால் செருப்புக்குள் போகும். தினமும். எங்கள் தெருப் பிள்ளைகள் இதற்காகவே போய் நிற்பதுண்டு. ஒருநாள் செருப்பில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அண்ணனுடைய கால் வெறும் மண்ணில் பட்டது. அவர் குனிந்து, யாரோ தன் நாற்காலியை இழுத்துவிட்ட மாதிரி, வெகுநேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு அக்கா உள்ளேயிருந்து நாயைத் திட்டுவதற்குப் பதிலாக இவரைத் திட்டினாள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா வருடம், ஆயுத பூஜைக்கு மறுநாள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, வேன் ஷெட்டில் நின்றது. நின்ற வண்டிக்கும் பூஜை போட்டிருந்தார் அண்ணன். ஸ்டியரிங், டயர், ஸ்டெப்னி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்ததோடு லைசென்ஸுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார், நடுவில் குங்குமத்தோடு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அஸ்பியா, இத லேமினேட் பண்ணிக் குடும்மா. பொட்டு அழியக் கூடாது."

"கார்டு மேல அழுக்கு இருந்தா மெஷின்ல நல்லா ஒட்டாதுணா. தொடச்சிரட்டுமா?"

"அழுக்கா? சாமி பொட்டும்மா. தொடைக்காத."

எனக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. கார்டில் இரண்டு தேதிகள் இருந்தன. சொந்த வண்டி ஓட்ட ஒரு தேதி, ஆட்களையும் சரக்கையும் ஏற்றுகிற வண்டி ஓட்ட இன்னொரு தேதி. முதல் தேதி 2030. இரண்டாவது தேதியின் மேல்தான் பொட்டு உட்கார்ந்திருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். ஆனால் நினைத்துப் பார்க்கவில்லை. மெஷினில் விட்டேன். சூட்டில் சந்தனம் பரவிக் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அண்ணனுக்குத் தெரிந்த தேதி 2030 மட்டும்தான்.

ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க அந்தக் கார்டை என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுப்பார். பொட்டு விழுந்த இடம் காகிதத்தில் கறுப்பாக வரும். பள்ளிக்கூடத்து கிளார்க்கும் கேட்கவில்லை.

இந்த வருடம் மே மாதம் பள்ளிக்கூட வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். ஊரில் இப்போதும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். அந்தம்மா வேனின் பிரேக்கைப் பார்த்தார், எமர்ஜென்சி கதவைப் பார்த்தார், முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் லைசென்ஸை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பொட்டுக்குக் கீழ இன்னா இருக்குது?" என்று கேட்டாராம்.

"சாமி பொட்டும்மா" என்றாராம் அண்ணன்.

அந்தம்மா சிரிக்கவில்லை. நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தார். போன வருடம் மார்ச்சிலேயே முடிந்திருந்தது. முடிந்து ஒரு வருடத்துக்குள் போயிருந்தால் டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு புதுப்பித்துக் கொடுத்திருப்பார்கள். வருடம் தாண்டியதால், புதிதாக வருகிறவன் மாதிரி மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத் தாளாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஜூன் முதல் திங்கள் பள்ளி திறப்பு. அதற்குள் லைசென்ஸ் வந்தால் அரிகிருஷ்ணன், வராவிட்டால் ரஞ்சித் என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். ரஞ்சித் வல்லத்துப் பையன். இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தின் இன்னொரு வண்டிக்கு மாற்று டிரைவர். கெட்டவன் இல்லை. நிரந்தரமாக ஒரு வண்டி கிடைக்குமா என்று காத்திருந்தான், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அண்ணன் கடைக்கு வந்தார். கார்டை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை போய்விடும் என்று புலம்புவார் என எதிர்பார்த்தேன். வேறு ஒன்றைச் சொன்னார்.

"ஒரு வருஷத்துக்கு மேல லைசென்ஸ் இல்லாம அந்தப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போயிருக்கிறேன் அஸ்பியா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

கத்தியால் கார்டின் பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். சந்தனம் பொருக்காக உரிந்து வந்தது. கீழே தேதி பளிச்சென்று இருந்தது. இந்தப் பொட்டை நான்தான் ஒட்டினேன், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நீ இன்னா பண்ணுவே? நான் கேட்டேன், நீ பண்ணே" என்றார். அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருக்கலாம்.

விண்ணப்பம் போட்டேன். டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு அனுப்பினேன். கண் சுத்தமாக இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூட. வியாழக்கிழமைக்கு டெஸ்ட் நாள் கிடைத்தது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நீளம் என்று சொன்னேனே.

"கைலி கட்டிக்கினு வெறுங்காலோட போயி நிக்காதீங்கணா. பேண்ட் போடுங்க, ஷூ போடுங்க. ஆபீசர் முன்னாடி கொஞ்சம் டீசன்டா இருக்கணும்."

"எங்கிட்ட ஏதும்மா ஷூ?"

என் வீட்டுக்காரர் தௌசீஃப் துபாயில் இருக்கிறார். கல்யாணத்துக்கு வாங்கிய அவருடைய கறுப்பு ஷூ பெட்டியோடு அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் நம்பர். அண்ணனுடைய கால் எட்டு. முனையில் காகிதம் அடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வியாழக்கிழமை நடந்ததை ரஞ்சித் வந்து சொன்னான். அண்ணன் வண்டியைத் தொடக் கூடாது என்பதால் டெஸ்ட் திடல் வரை வேனை ஓட்டிக்கொண்டு போனது அவன்தான். அண்ணன் இஸ்திரி போட்ட பேண்ட், ஷூ, சீவிய தலையோடு சீட்டில் ஏறினார். ஏறும்போதே ஒரு நிமிஷம் தயங்கினாராம். கிளட்சை விட்டார், வண்டி குதித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை கிளம்பிப் பின்னால் எடுக்கும்போது ஷூவின் முனை பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னால் வைத்திருந்த இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளும் வேனுக்குக் கீழே போய்விட்டன.

"எல்.எல்.ஆர். வாங்க வந்த பசங்கல்லாம் சிரிச்சானுங்கக்கா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்றான் ரஞ்சித்.

பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அடுத்த வியாழன். அதற்குப் பிறகு வருகிற திங்கள்தான் பள்ளி திறப்பு. இன்னொரு தடவை தவறினால் அதற்கடுத்த வாய்ப்பு ஜூனில்தான், அதற்குள் வேன் கைமாறியிருக்கும். ஐம்பத்தாறு வயதில், பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொன்ன டிரைவரை வேறு யாரும் கூப்பிட்டு வேலை தரப் போவதில்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுவதும் அவர் கடைப் பக்கம் வரவில்லை. அம்மாக்கண்ணு அக்காதான் பாலுக்குப் போகிற வழியில் நின்று சொன்னாள்.

"உங்கண்ணன் இன்னா பண்ணுது தெரியுமா? அந்த ஷூவ மாட்டிக்கினு நாற்காலியில உக்காந்து மூணு செங்கல்ல வரிசையா வெச்சி மிதிச்சிக்கினு இருக்குது. சாப்பிடக் கூப்ட்டா, இரு, ரிவர்ஸ் எடுக்கிறேன்னுது. எனக்குப் பயமா இருக்குது அஸ்பியா."

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. நான் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. முதலில் பொட்டு, இப்போது ஷூ. அந்த மனிதருக்கு இரண்டு கெடுதலும் என் கையால்தான்.

புதன்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். ஷூவை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று எண்ணம். தர மாட்டேன் என்றார்.

"ஒரு வாரமா பழகிட்டேம்மா. செங்கல்லு நல்லா மிதிபடுது."

"செங்கல்லுல பள்ளிக்கூடப் புள்ளைங்களயா ஏத்தப் போறீங்க? வழக்கம்போல போங்கணா. நான் சொன்னது தப்பு."

"வெறுங்கால பாத்துட்டு ஆபீசரு வேணாம்னுட்டா?"

எல்லா ஃபாரத்தையும் படித்தவள் நான், அவற்றில் காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் போனேன். திடலுக்கு இரண்டு தெரு முன்னாலேயே டீக்கடைக்குப் பின்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். ஊருக்கெல்லாம் லைசென்ஸ் விண்ணப்பம் போடுகிற என்னுடைய எல்.எல்.ஆர். முடிந்து நாலு வருடம் ஆகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் ஸ்கூட்டியோடு படுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

திடலில் ஐந்தாறு பையன்கள் பைக்கோடு நின்றார்கள். ரஞ்சித் வேனை டெஸ்ட் தொடங்குகிற வெள்ளைக் கோட்டருகில் நிறுத்திவிட்டு இறங்கினான். அண்ணன் ரப்பர் செருப்போடு நடந்து வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஷூ. வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்று பையையும் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எனக்கு ஓடிப்போய் அந்தப் பையைப் பிடுங்கலாம் போலிருந்தது.

கடைசியில் அவர், இத்தனை நாளாக நாங்கள் யாருமே கேட்காததைக் கேட்டார்.

"அம்மா, செருப்பக் கழட்டிட்டு ஓட்டலாமா?"

பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா கையிலிருந்த காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். "போன வாரம் வந்தவர்தானே நீங்க? கால்ல இன்னா இருக்குதுன்னு நான் பாக்கலீங்க. வண்டி எங்க போவுதுன்னுதான் பாக்கறேன். ஏறுங்க."

இதற்காகவா ஒரு வாரம் செங்கல்லை மிதித்தார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. என் மேல்தான் இருக்கும்.

அண்ணன் மஞ்சள் பையை ரஞ்சித்திடம் கொடுத்தார். வெள்ளைக் கோட்டின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டார். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். பெல்ட்டைப் போட்டார், கண்ணாடியைச் சரி செய்தார். வண்டி கிளம்பியது. கிளம்பியது என்று வண்டி நகர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்தார். கூம்புகளுக்கு நடுவில் வளைந்து போய்த் திடலின் மறுகோடியைத் தொட்டார். அங்கே கொஞ்சம் மேடு. அதில் நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். மறுபடி எடுக்கும்போது வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் வரவில்லை. பிறகு ரிவர்ஸ். இரண்டு கூம்புகளுக்கு நடுவில் வேனை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். எந்தக் கூம்பும் அசையவில்லை.

ஒரு சுற்றுச் சுற்றி வெள்ளைக் கோட்டுக்கு வந்து நிறுத்தினார். என்ஜினை அணைத்தார், கியரைப் பார்த்தார், கதவைத் திறந்தார். கீழே பார்க்கவில்லை. வலது காலை இறக்கினார். கால் வலது செருப்புக்குள் போனது. இடது கால் இடது செருப்புக்குள் போனது. அவர் பாட்டுக்கு நடந்து வந்து பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் கைகட்டி நின்றார். தான் என்ன செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. தினமும் செய்கிறதுதானே.

அந்தம்மா செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்தார். வேனின் டயரைப் பார்த்தார். மறுபடி அவருடைய காலைப் பார்த்தார்.

"இது தற்செயலா அமைஞ்சதா?" என்று கேட்டார்.

"எதும்மா?" என்றார் அண்ணன்.

பதில் சொன்னது ரஞ்சித். "தினமும் அப்படித்தாம்மா எறங்குவாரு. எங்க ஸ்கூலுக்கே தெரியும்." சொல்லிவிட்டு அந்த மஞ்சள் பையை மார்போடு கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அந்த வண்டி தனக்கில்லை என்று அவனுக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் சொன்னானே, அதற்காக அவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு வாங்கியும் கொடுத்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் முறையாகச் சிரித்தார். "தேதியில மட்டும் பொட்டு வெக்காதீங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அங்கே நிற்க வெட்கமாக இருந்ததால் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வேன் அவர் கையில்தான் போனது. பத்து நாள் கழித்துப் புதுக் கார்டு தபாலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார், வெறுங்காலோடு. இன்னொரு கையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் கொஞ்சம் சந்தனம். சிங்கவரம் கோயிலில் வாங்கியது என்றார்.

"லேமினேட் பண்ண மாட்டேன். கவர்தான் போடுவேன்" என்று முந்திக்கொண்டேன். "இன்னும் அஞ்சு வருஷம். தேதியை என் காலண்டர்லயும் எழுதி வெச்சிக்கிறேன். வருஷா வருஷம் காலண்டர் மாத்தும்போது அதையும் மாத்தி எழுதுவேன். மறக்க மாட்டேன்."

"கவரே போடும்மா. பொட்டு மட்டும் வெச்சிக் குடு."

"மறுபடியுமா? நீங்களே வெச்சிக்கோங்கணா. என்னை விடுங்க."

"நான் வெச்சா எடம் தெரியாம வெச்சிருவேன். நீ படிச்சவ. எங்க வெக்கலாம்னு பாத்து வெய்."

இலையையும் கார்டையும் என் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருந்தார். ஜெராக்ஸுக்கு வந்த இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பெயர், படம், இரண்டு தேதிகள். பின்பக்கத்தில் கீழ் மூலையில் எழுத்தே இல்லாமல் கொஞ்சம் வெள்ளை இருந்தது. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அங்கே கடுகளவு வைத்தேன்.